வாசகர் கேள்வி பதில்: பிளகின் இறக்கியாச்சு, சாஃப்ட்வேர்ல காணோமே!

இந்த மாசம் ரெக்கார்டிங் பத்தி வந்த கேள்வியெல்லாம் எடுத்துப் பாத்தா பெரும்பாலும் பிளகின்லதான் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள சேத்துக்கற எஃபெக்ட், இசைக்கருவி மாதிரி குட்டி புரோகிராம்) வந்து நிக்குது. இறக்கினது தெரியல, பழசு திறக்கல, சென்னைக்கு அனுப்புனா அங்க ஓடல. தொண்டியில இருந்து வாலிநோக்கம் வரைக்கும் வீட்டு ரூம்லயே ஒரு லேப்டாப்பும் ஒரு மைக்கும் வெச்சு கோயில் பாட்டு, பைத், கும்மி, ஆல்பம் பாட்டுன்னு பதிவு பண்றவங்க இப்ப நெறைய பேர் இருக்காங்க, அவங்க ஒரு ராத்திரி முழுக்க இதுலயே மண்டைய ஒடைச்சுக்கிட்டு கடைசியில பாட்டையே விட்டுட்டுப் போயிடக்கூடாது, அதனால இந்தத் தடவை பகுதி முழுக்க இதுக்கே ஒதுக்கியாச்சு.

கேள்வி: அண்ணே, எங்க கோயில் பாடகர் குழுவுல நான் கீபோர்டு வாசிக்கிறேன். கிறிஸ்மஸ் பாட்டு ரெண்டு பதிவு பண்ணோம். யூடியூப்ல ஒருத்தர் சொன்னாருன்னு இலவச ரிவர்ப் (எதிரொலி) பிளகின் ஒண்ணு இறக்குனேன். அந்தப் பக்கத்துல விஎஸ்டி, விஎஸ்டி3, ஏயூ, ஏஏஎக்ஸ்னு நாலஞ்சு இருந்துச்சு, எது வேணும்னு தெரியாம எல்லாத்தையும் இறக்கிட்டேன். விண்டோஸ் லேப்டாப், ரீப்பர் சாஃப்ட்வேர். ஒண்ணுமே காட்டல. (தங்கச்சிமடம் வாசகர்)

பதில்: தம்பி, நீங்க இறக்குன நாலும் ஒரே ரிவர்ப்தான். போன் சார்ஜர்ல கரண்ட் ஒண்ணுதான், முனைதான் டைப்-சி, மைக்ரோன்னு மாறுது இல்லையா, அதே மாதிரி உள்ள சத்தத்தை மாத்துற கணக்கு ஒண்ணு, அது சாஃப்ட்வேரோட பேசுற முறைதான் வேற வேற. அந்த முறையைத்தான் ஃபார்மட்னு சொல்றாங்க. எந்த சாஃப்ட்வேர் எந்த முறையில பேசும்னு தெரிஞ்சுக்கிட்டா பாதித் தலைவலி போயிடும்.

விஎஸ்டி ஜெர்மனியில இருக்கிற ஸ்டைன்பெர்க் கம்பெனி 1996ல கியூபேஸ்ங்கற அவங்க ரெக்கார்டிங் சாஃப்ட்வேரோட கொண்டு வந்தது. 1999ல அதோட ரெண்டாவது வெர்ஷன் வந்தப்பதான் எஃபெக்ட் மட்டும் இல்லாம கீபோர்டு வெச்சு வாசிக்கிற இசைக்கருவி பிளகினும் வந்துச்சு. 2008ல விஎஸ்டி3 வந்துச்சு. ஏயூ ஆப்பிளோடது, மேக்ல மட்டும்தான் ஓடும், உங்க விண்டோஸ் லேப்டாப்புக்கு அது சுத்தமா வேலைக்கு ஆகாது. ஏஏஎக்ஸ் அவிட் கம்பெனியோட புரோ டூல்ஸ்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு. கிளாப்னு ஒண்ணு 2022ல வந்துச்சு, பிட்விக், யூ-ஹீங்கற ரெண்டு கம்பெனியும் சேந்து கொண்டு வந்தது, யார் வேணும்னாலும் காசு குடுக்காம எடுத்துக்கலாம்னு திறந்து விட்டுட்டாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

உங்க ரீப்பர் விண்டோஸ்ல விஎஸ்டி, விஎஸ்டி3, கிளாப் எல்லாம் எடுத்துக்கும். ஏஏஎக்ஸ் எடுத்துக்காது. அதனால விஎஸ்டி3 மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை அழிச்சிடுங்க. இப்ப அது ஏன் காட்டலன்னு பாப்போம். விஎஸ்டி3க்கு விண்டோஸ்ல வழக்கமான இடம் இதுதான்: சி டிரைவ், அதுல புரோகிராம் ஃபைல்ஸ், அதுக்குள்ள காமன் ஃபைல்ஸ், அதுக்குள்ள விஎஸ்டி3. இன்ஸ்டாலர் வெச்சு வந்திருந்தா தானா அங்க போய் உக்காந்துக்கும். ஜிப் ஃபைலா வந்திருந்தா நாமதான் எடுத்து வைக்கணும், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயே கிடந்தா சாஃப்ட்வேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. இன்னொண்ணு, சில பிளகின்ல டாட் விஎஸ்டி3னு பேர் முடியறது ஃபைல் இல்ல, ஃபோல்டர். அதைத் திறந்து உள்ள போனா கன்டென்ட்ஸ்னு ஒண்ணு, அதுக்குள்ள இன்னொண்ணு, கடைசியில அதே பேர்ல ஒரு ஃபைல் இருக்கும். நெறைய பேர் இதுதான் அசல்னு நெனச்சு அந்த உள் ஃபைலை மட்டும் உருவி எடுத்து வைக்கிறாங்க. வெளி ஃபோல்டரை முழுசா அப்படியே தூக்கி வைங்க. அப்புறம் ரீப்பர்ல ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்ஸஸ், கீழ இறங்கி பிளக்-இன்ஸ், விஎஸ்டின்னு போனா ரீ-ஸ்கேன் பட்டன் இருக்கும், அதுல கேஷை (முன்னாடி ஸ்கேன் பண்ணி சேத்து வெச்ச ஞாபகத்தை) அழிச்சிட்டு மறுபடி ஸ்கேன் பண்றதைக் குடுங்க. ஏற்கனவே ஒரு தடவை ஸ்கேன் ஆகி ஃபெயில் ஆன பிளகினை ரீப்பர் ஞாபகம் வெச்சு ஒதுக்கிடும், அதனாலதான் கேஷை அழிக்கச் சொல்றேன்.

கேக்காததையும் ஒண்ணு சொல்லிடறேன். குழுவை கோயிலுக்குள்ளயே நிக்க வெச்சு பதிவு பண்ணியிருந்தா அந்தக் கட்டடத்தோட எதிரொலி ஏற்கனவே குரல்ல இருக்கும், அதுக்கு மேல இன்னொரு பெரிய ரிவர்ப் போட்டா வார்த்தை எதுவும் காதுல விழாது. ரிவர்பை தனி டிராக்ல போட்டு அங்க குரலை அனுப்புங்க, அந்த ரிவர்ப் டிராக்ல ஒரு ஈக்யூ (கனமான சத்தம், மெலிசான சத்தத்தைத் தனித்தனியா ஏத்தி இறக்குறது) வெச்சு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிறதை வெட்டி விடுங்க. பாட்டு தெளிவா நிக்கும்.

கேள்வி: ஒரே பிளகின் என் லிஸ்ட்ல ரெண்டு தடவை வருது, ஒண்ணு விஎஸ்டி, இன்னொண்ணு விஎஸ்டி3. எதை வெச்சுக்கறது? ரெண்டுக்கும் சவுண்டு வித்தியாசம் உண்டா சார்? (மண்டபம் வாசகர்)

பதில்: சவுண்டுல வித்தியாசம் தேடாதீங்க சார், ஒரே கம்பெனி ஒரே வெர்ஷன்ல குடுத்திருந்தா சத்தம் ஒண்ணுதான். புதுசா ஆரம்பிக்கிற பாட்டுக்கெல்லாம் விஎஸ்டி3 எடுத்துக்கோங்க. அதுல சத்தம் வராத நேரத்துல பிளகின் வேலைய நிறுத்திக்கிற வசதி இருக்கு, பழைய லேப்டாப்காரங்களுக்கு அது பெரிய உதவி. கம்ப்ரசருக்கு (சத்தத்தோட ஏத்த இறக்கத்தைக் குறைக்கிறது) சைடுசெயின், அதாவது வேற டிராக்கோட சத்தத்தை வெச்சு அதை இயக்குறது, குடுக்கறதும் அதுல சுலபம். அதை விட முக்கியமான காரணம், ஸ்டைன்பெர்க் 2018ல இருந்து விஎஸ்டி2க்கு (உங்க லிஸ்ட்ல வெறும் விஎஸ்டின்னு வர்ற பழசு) புது லைசென்ஸ் குடுக்கறதையே நிறுத்திட்டாங்க, 2022ல அவங்க சொந்த சாஃப்ட்வேர்ல இருந்தும் படிப்படியா எடுத்துடப் போறதா அறிவிச்சாங்க. அந்தக் கதவு மூடிக்கிட்டு வருது.

ஆனா பழைய விஎஸ்டியை இன்னிக்கே அழிக்காதீங்க! இதுலதான் ஆளுங்க மாட்டிக்கறாங்க. நீங்க முன்னாடி பண்ணி வெச்ச ப்ராஜெக்ட் ஃபைல்ல "இந்த இடத்துல இந்த விஎஸ்டி2 பிளகின், இந்த செட்டிங்"னு எழுதியிருக்கும். பழசை அழிச்சுட்டு ப்ராஜெக்டைத் திறந்தா காணோம்னுதான் சொல்லும், பக்கத்துலயே விஎஸ்டி3 இருந்தாலும் அதுவா எடுத்துக்காது. சில பிளகின்ல மட்டும் கம்பெனியே ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு கோர்த்து விட்டிருப்பாங்க, அப்ப கியூபேஸ் மாதிரி சாஃப்ட்வேர் தானா மாத்திக்கும். எல்லாத்துலயும் அப்படி இருக்கும்னு நம்பி உக்கார முடியாது. பழசு எல்லாத்தையும் திறந்து, டிராக் டிராக்கா வேவ் ஃபைலா எடுத்து வெச்சதுக்கு அப்புறம் அழிங்க.

கேள்வி: அண்ணா, என்கிட்ட பழைய லேப்டாப்புல பண்ணின ஏழெட்டு நாட்டுப்புறப் பாட்டு ப்ராஜெக்ட் இருக்கு. புது லேப்டாப்புக்கு மாத்தினா எல்லா பிளகினும் மிஸ்ஸிங்னு வருது. பிளகினோட டிஎல்எல் ஃபைலை எல்லாம் அப்படியே காப்பி பண்ணிப் போட்டுட்டேன், அப்பவும் வரல. பழைய லேப்டாப் இன்னும் ஆன் ஆகுது, ஆனா பாதியில நின்னு நின்னு போகுது. (உச்சிப்புளி வாசகி)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்தப் பழைய லேப்டாப் இன்னும் ஆன் ஆகுதுங்கறதே பெரிய விஷயம், அதை இன்னிக்கு ராத்திரியே பயன்படுத்திக்கோங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. கடல் காத்து அடிக்கிற ஊர்ல போர்டு, யூஎஸ்பி முனை எல்லாம் எப்ப கை விடும்னு சொல்ல முடியாது.

உங்களுக்கு நடந்தது 32 பிட், 64 பிட் பிரச்சினை. பழைய பிளகின் 32 பிட்ல எழுதினது, புது சாஃப்ட்வேர் 64 பிட். ரெண்டும் ஒரே வீட்டுக்குள்ள நேரடியா சேந்து ஓடாது. 32 பிட் புரோகிராம் 4 ஜிபிக்கு மேல மெமரியைத் தொட முடியாது, இன்னிக்கு ஒரு பியானோ சாம்பிளே (நிஜக் கருவியோட சத்தத்தைப் பதிவு பண்ணி வெச்சது) அதை விடப் பெருசா இருக்கறதால எல்லாரும் 64க்கு மாறிட்டாங்க. ஆப்பிளோட லாஜிக் சாஃப்ட்வேர் 2013ல, கியூபேஸ் 9 வந்தப்ப 2016ல, ஏபிள்டன் லைவ் 10ஆவது வெர்ஷன்ல, இப்படி ஒவ்வொண்ணா 32 பிட்டை விட்டுட்டு வந்துச்சு. மேக்ல 2019ல வந்த கேட்டலினா வெர்ஷன்ல இருந்து எந்த 32 பிட் புரோகிராமும் ஓடாது, அங்க வழியே இல்ல. நல்லவேளையா நீங்க விண்டோஸ், அங்க வழி இருக்கு.

ரீப்பர், எஃப்எல் ஸ்டுடியோ ரெண்டுமே 32 பிட் பிளகினை ஒரு தனி உதவி புரோகிராம்ல ஓட வெச்சு சத்தத்தை மட்டும் வாங்கிக்கும், அதுக்குப் பேரு பிரிட்ஜ். ரீப்பர்ல பழைய டிஎல்எல் இருக்கிற ஃபோல்டரை விஎஸ்டி பாத் லிஸ்ட்ல சேத்துட்டு ஸ்கேன் பண்ணுங்க. விண்டோஸ்ல புரோகிராம் ஃபைல்ஸ்னு ரெண்டு ஃபோல்டர் இருக்கும், எக்ஸ்86னு போட்டிருக்கிறது 32 பிட்டுக்கு, அதுக்குள்ள தேடுங்க. உங்க சாஃப்ட்வேருக்கு பிரிட்ஜ் வசதி இல்லன்னா ஜேபிரிட்ஜ்னு தனியா ஒண்ணு காசுக்குக் கிடைக்குது. இன்னொரு வழி, புது லேப்டாப்புலயே ரீப்பரோட 32 பிட் வெர்ஷனைத் தனியா போட்டுக்கறது. விண்டோஸ் 11 64 பிட் மட்டும்தான், ஆனாலும் 32 பிட் புரோகிராமை ஓட்டும்.

டிஎல்எல்லை காப்பி பண்ணினா மட்டும் பத்தாதுங்கறதுக்கு வேற காரணமும் உண்டு. நெறைய பிளகின் லைசென்ஸ் விவரம், பிரிசெட், சாம்பிள் எல்லாத்தையும் வேற ஃபோல்டர்ல வெச்சிருக்கும், இன்ஸ்டாலரை ஓட்டினாத்தான் அதெல்லாம் சரியா அமையும்.

இதெல்லாம் ரெண்டாவது வேலை. முதல் வேலை பழைய லேப்டாப்புல. ஒவ்வொரு ப்ராஜெக்டையும் திறந்து, ஒவ்வொரு டிராக்கையும் பிளகினோட ஒரு தடவை, பிளகின் இல்லாம வெறும் குரலா ஒரு தடவை ரெண்டர் பண்ணுங்க, அதாவது தனி ஆடியோ ஃபைலா எடுங்க. 24 பிட், ப்ராஜெக்ட் எந்த சாம்பிள் ரேட்ல இருக்கோ அதே ரேட். பாட்டோட ஆரம்பத்துல இருந்தே எல்லா ஃபைலும் தொடங்கணும், ரெண்டாவது நிமிஷத்துல வர்ற உறுமியா இருந்தாலும் முன்னாடி இருக்கிற மௌனத்தோட சேத்து எடுங்க, அப்பத்தான் எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் எல்லாம் ஒண்ணா வரிசையா உக்காரும். முக்கியமான பிளகினோட திரையை போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க, எந்தக் குமிழ் எங்க இருந்துச்சுன்னு தெரியும். லேப்டாப் சூடாகி நின்னா மூடி ஆற விட்டு மறுபடி ஆரம்பிங்க. வெளி டிஸ்க் ஒண்ணுல ஒரு காப்பி, கூகுள் டிரைவ்ல ஒரு காப்பி. பிளகின் செத்துப்போகும், கம்பெனி மூடிட்டுப் போகும், வேவ் ஃபைல் எந்த சாஃப்ட்வேர்லயும் திறக்கும். அந்தப் பாட்டைப் பாடின பெரியவங்க குரல்தானே நமக்கு வேணும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணன். எங்க பைத் சபா பாட்டு நாலு பதிவு பண்ணி எஃப்எல் ஸ்டுடியோவுல மிக்ஸ் பண்ணி வெச்சிருக்கேன். சென்னையில ஒரு ஸ்டுடியோவுல ஃபைனல் பண்ணித் தர்றதா சொன்னாங்க, ப்ராஜெக்ட் ஃபைலை அனுப்பினேன். அவங்க புரோ டூல்ஸ்தானாம், திறக்காதுன்னுட்டாங்க. அதே பிளகின் அவங்ககிட்டயும் இருக்குன்னு சொன்னாங்க, அப்புறம் ஏன் திறக்காது? (கீழக்கரை வாசகர்)

பதில்: வஅலைக்கும் ஸலாம் தம்பி. இதுல ரெண்டு பூட்டு இருக்கு. எஃப்எல் ஸ்டுடியோவோட ப்ராஜெக்ட் ஃபைலை எஃப்எல் ஸ்டுடியோதான் திறக்கும், அது முதல் பூட்டு. ரெண்டாவது, உங்ககிட்ட இருக்கிறது விஎஸ்டி, அவங்ககிட்ட இருக்கிறது ஏஏஎக்ஸ். புரோ டூல்ஸ் 2011ல வந்த 10ஆவது வெர்ஷன்ல ஏஏஎக்ஸைக் கொண்டு வந்துச்சு, 2013ல 11 வந்தப்ப அதுக்கு முன்னாடி இருந்த ஆர்டிஏஎஸ்ங்கற ஃபார்மட்டையும் தூக்கிட்டாங்க. விஎஸ்டியை அது நேரடியா எடுத்துக்கவே எடுத்துக்காது. புளூ கேட் கம்பெனியோட பேட்ச்வொர்க் மாதிரி ஒரு பிளகின் இருக்கு, அது தான் ஏஏஎக்ஸா உள்ள போய் தனக்குள்ள விஎஸ்டியை உக்கார வெச்சுக்கும். அது அந்த ஸ்டுடியோக்காரங்க வாங்கி வெச்சிருந்தா உண்டு, நாம போய் கேக்க முடியாது.

அதனால ப்ராஜெக்டை அனுப்பாதீங்க, டிராக்கை அனுப்புங்க. உச்சிப்புளி தங்கச்சிக்குச் சொன்ன அதே முறைதான், ஆனா உங்களுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. முன்பாட்டுப் பாடுறவரு தனி, பின்பாட்டு தனி, தப்ஸ் தனின்னு பிரிச்சு எடுங்க. மாஸ்டர்ல (எல்லா டிராக்கும் சேர்ற கடைசி இடம்) போட்ட லிமிட்டரை (சத்தம் எல்லை தாண்டாம பிடிக்கிறது) எடுத்துடுங்க, இல்லன்னா அங்க மிக்ஸ் பண்றவருக்கு கை வைக்க இடமே இருக்காது. குரல்ல நீங்க போட்ட டியூனிங், டிலே மாதிரி பாட்டோட அடையாளமா ஆகிட்ட எஃபெக்ட் இருந்தா எஃபெக்டோட ஒண்ணு, இல்லாம ஒண்ணுன்னு ரெண்டும் அனுப்புங்க, பேர்லயே எழுதிடுங்க, "முன்பாட்டு எஃபெக்ட் இல்லாம", "முன்பாட்டு எஃபெக்டோட"ன்னு. ஒரு சின்ன குறிப்புல டெம்போ, சாம்பிள் ரேட், சுருதி எழுதுங்க. நீங்களே பண்ணின மிக்ஸையும் ஒரு ஃபைலா வைங்க, உங்க மனசுல பாட்டு எப்படி இருந்துச்சுன்னு அவங்களுக்கு அதுல இருந்துதான் தெரியும்.

சைஸ் கணக்கு சொல்றேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்ல மோனோ டிராக் ஒரு நிமிஷத்துக்கு 8.64 எம்பி. அஞ்சு நிமிஷப் பாட்டு, 20 டிராக்னா 860 எம்பி கிட்ட வந்துடும். வாட்ஸ்அப்ல ஆடியோவா அனுப்பாதீங்க, ஜிப் பண்ணி டிரைவ்ல போட்டு லிங்க் குடுங்க. எம்பி3யா மாத்தி அனுப்பறது வேண்டவே வேண்டாம், தப்ஸோட அடியில இருக்கிற அந்த மேல் சத்தம் முதல்ல அதுலதான் போகும்.

இன்னொரு விஷயம், டிஏடபிள்யூபிராஜெக்ட்னு 2023ல பிட்விக்கும் பிரிசோனஸும் சேந்து ஒரு பொதுவான ப்ராஜெக்ட் ஃபைலைக் கொண்டு வந்திருக்காங்க, பிளகின் செட்டிங் வரைக்கும் அதுல எடுத்துட்டுப் போகலாம். பிட்விக், ஸ்டுடியோ ஒன், கியூபேஸ் 14 இதுலயெல்லாம் இருக்கு. உங்க கேஸுக்கு இப்போதைக்கு உதவாது, ஆனா இது எல்லா சாஃப்ட்வேருக்கும் வரணும்னு நான் மனசார ஆசைப்படறேன்.

கேள்வி: ஆடாசிட்டியில வீணை, புல்லாங்குழல் சவுண்டு வர்ற பிளகின் போட்டேன். லிஸ்ட்லயே வரல. (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: வராது தம்பி. ஆடாசிட்டி எஃபெக்ட் பிளகினை எடுத்துக்கும், 2022ல வந்த 3.2ல இருந்து விஎஸ்டி3யும் எடுத்துக்குது, ஆனா கீபோர்டு வெச்சு வாசிக்கிற கருவி பிளகின் அதுல ஓடாது. ரீப்பருக்கோ கருவி பிளகின் எடுத்துக்கற வேற சாஃப்ட்வேருக்கோ போங்க. ரீப்பரை 60 நாள் முழுசா ஓட்டிப் பாக்கலாம், சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் 60 டாலர். உங்ககிட்ட இருக்கிற வீணை ஃபைல் டாட் எஸ்எஃப்2 இல்ல டாட் எஸ்எஃப்இசட்னு முடிஞ்சா அது பிளகினே இல்ல, வெறும் சாம்பிள். அதைத் திறக்க ஸ்ஃபோர்சாண்டோன்னு ஒரு இலவச பிளகின் இருக்கு, முதல்ல அதைப் போட்டு அதுக்குள்ள வீணையைத் திறங்க.

கேள்வி: ஐயா, எங்க ஊர்ல கரைவலை இழுக்கும்போது பெரியவங்க பாடுற அம்பாப் பாட்டை போன்ல பதிவு பண்ணி வெச்சிருக்கேன். காத்து இரைச்சல்ல பாட்டே அமுங்கிப் போச்சு. எந்தப் பிளகின் போட்டா இரைச்சல் போகும்? (மூக்கையூர் வாசகர்)

பதில்: தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் இந்த மாசம் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன். கரைவலையைக் கையால இழுக்கறது குறையக் குறைய அந்தப் பாட்டும் குறையுது, நீங்க பண்ற வேலைக்கு எவ்வளவு மரியாதை குடுத்தாலும் தகும்.

முதல்ல அசல் ஃபைலை ஒரு காப்பி எடுத்து தொடாம வெச்சிடுங்க, எல்லா வேலையும் இன்னொரு காப்பியில. நீங்க சொல்ற மாதிரி பதிவுல இரைச்சல் ரெண்டு வகை இருக்கும். ஒண்ணு அலை, தூரத்து இன்ஜின், ஒரே மாதிரி போயிட்டே இருக்கிற சத்தம். இன்னொண்ணு காத்து மைக்கோட வாய்ல நேரா மோதுறப்ப வர்ற "படபட"ங்கிற அடி. காத்துச் சத்தம் பெரும்பாலும் கீழ் சுருதியில இருக்கும், அதனால ஈக்யூவுல ஹை-பாஸ் ஃபில்டர் (கீழ் சத்தத்தை வெட்டிட்டு மேல் சத்தத்தை மட்டும் விடறது) போட்டு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுங்க, பாடுறவர் குரல் கட்டையா இருந்தா 80ல நிறுத்துங்க. மெதுவா மேல ஏத்திக்கிட்டே வாங்க, குரல் மெலிய ஆரம்பிக்கிற இடத்துல ஒரு படி கீழ இறங்கி நில்லுங்க. இதுக்கு டிடிஆர் நோவான்னு ஒரு இலவச ஈக்யூ இருக்கு, விஎஸ்டி3, ஏயூ, ஏஏஎக்ஸ் எல்லாத்துலயும் வருது. ஒரு குறிப்பிட்ட சத்தம் பெருசாகும்போது மட்டும் அதை அமுக்குற வசதி அதுல உண்டு, காத்து வீசும்போது மட்டும் கீழ்ப்பகுதி அமுங்கும், மத்த நேரம் குரலை விட்டுடும்.

அலைச் சத்தத்துக்கு ரீப்பர்லயே இருக்கிற ரீஃபிர். அதுல சப்ட்ராக்ட் மோடு வெச்சு, பாட்டு இல்லாம வெறும் கடல் மட்டும் கேக்குற ரெண்டு மூணு நொடியை அதுக்குக் கேக்க விட்டு "இதுதான் இரைச்சல்"னு பழக்கிக் குடுக்கணும், அப்புறம் அந்தப் பழக்கற பட்டனை மறக்காம எடுத்துடணும், இல்லன்னா பாட்டையும் இரைச்சல்னு நெனச்சு அழிக்க ஆரம்பிச்சிடும். ரீப்பர் இல்லாதவங்க விண்டோஸ்ல ரீபிளக்ஸ்ங்கற பேர்ல இதை விஎஸ்டியா இலவசமா இறக்கிக்கலாம். முழுசா அழிக்க நெனக்காதீங்க. கொஞ்சம் கடல் இருக்கட்டும். அதிகமா உறிஞ்சினா குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆகிடும், அதோட ஒருத்தர் எடுத்துக் குடுக்க மத்தவங்க மூச்சு வாங்கிக்கிட்டே திருப்பிப் பாடுறாங்களே, அந்த மூச்சும் போயிடும், அம்பாவுக்கு உயிரே அங்கதான்.

மைக் தாங்காம சத்தம் உடைஞ்சு போன இடம் இருந்தா அதை எந்தப் பிளகினும் முழுசா திருப்பித் தராது. அடுத்த தடவை போறப்ப மைக்குக்கு பஞ்சு இல்ல மயிர் வெச்ச உறை போடுங்க, முதுகைக் காத்துக்குக் காட்டி நின்னு மைக்கை உங்க உடம்பு மறைவுல பிடிங்க, போன்ல வேவ் ஃபைலா சேமிக்கிற ஆப் போடுங்க. கச்சான் காத்து நல்லா அடிக்கிற மாசத்துல விடியக்காலையில பதிவு பண்றது நல்லது. பாடினவங்க பேரு, எந்த ஊரு, எந்த வேலைக்குப் பாடினதுங்கறதையும் ஃபைலோடயே எழுதி வைங்க.

கேள்வி: சித்தப்பா வெளிநாட்டுல இருந்து மேக் புக் கொண்டு வந்து குடுத்தாங்க, எம் சிப். லாஜிக் போட்டேன். முன்னாடி விண்டோஸ்ல வாங்கின பிளகின் எல்லாம் இதுல வருமா அண்ணே? (பாம்பன் வாசகர்)

பதில்: லைசென்ஸ் வரும், ஃபைல் வராது. நீங்க காசு குடுத்து வாங்கினதுன்னா பெரும்பாலான கம்பெனி அதே கணக்குல மேக் இன்ஸ்டாலரையும் தரும், லாகின் பண்ணி இறக்கிக்கோங்க. அதுல ஏயூவை டிக் பண்ண மறந்துடாதீங்க, லாஜிக்கும் கராஜ்பேண்டும் விஎஸ்டி எடுத்துக்காது, ஏயூ மட்டும்தான். அது லைப்ரரி, ஆடியோ, பிளக்-இன்ஸ், காம்பொனன்ட்ஸ்ங்கற ஃபோல்டர்ல போய் உக்காரும். லாஜிக் திறக்கும்போது ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பாக்கும், ஃபெயில் ஆனா பிளக்-இன் மேனேஜர்ல போய் ரீசெட் பண்ணி மறுபடி ஸ்கேன் குடுங்க. இன்டெல் மேக்குக்கு எழுதின பழைய பிளகின் ரொசெட்டாங்கற ஆப்பிளோட மாத்தி ஓட்டுற வசதி வழியா ஓடும், ஆனா ரொசெட்டா முழுசா மேக்ஓஎஸ் 27 வரைக்கும்தான்னு ஆப்பிள் 2025லயே சொல்லிட்டாங்க, அதனால எம் சிப்புக்குன்னே எழுதின வெர்ஷன் இருக்கான்னு இப்பவே பாத்து மாத்திக்கிட்டே வாங்க.

கேள்வி: பத்தாயிரம், இருபதாயிரம்னு பிளகின் விலை சொல்றாங்க. கிராக் (பூட்டை உடைச்ச திருட்டுக் காப்பி) போட்டா என்ன ஆகும்? (ஏர்வாடி வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. வைரஸ் வந்து மொத்த பாட்டையும் பூட்டிப் போட்டுட்டு காசு கேக்குறது ஒரு பக்கம். அது வராட்டியும், கிராக் பிளகின் அடுத்த விண்டோஸ் அப்டேட்லயோ சாஃப்ட்வேர் அப்டேட்லயோ நின்னு போகும், அப்ப உங்க ப்ராஜெக்ட் திறக்காது, யார்கிட்டயும் போய் கேக்கவும் முடியாது. எழுதினவங்க உழைப்பும் இருக்கு, நம்ம பாட்டை ஒருத்தன் திருடிப் போட்டா நமக்கு எப்படி எரியும். இன்னிக்கு இலவசமாவே கிடைக்கிறது வெச்சு முழு ஆல்பம் பண்ணலாம். ரிவர்ப், டிலேக்கு வல்ஹாலா சூப்பர்மாசிவ், ஈக்யூவுக்கு டிடிஆர் நோவா, கம்ப்ரசருக்கு டிடிஆர் கோட்டெல்னிகோவ், சின்த் சவுண்டுக்கு சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல். எல்லாம் அந்தந்தக் கம்பெனி தளத்துலயே போய் இறக்குங்க, வேற யாரோ சேத்து வெச்ச மூட்டையில இருந்து எடுக்காதீங்க.

கேள்வி: லேப்டாப் இல்ல, ஆண்ட்ராய்டு போன்தான். விஎஸ்டி போட முடியுமா? (தொண்டி வாசகி)

பதில்: முடியாதும்மா. எஃப்எல் ஸ்டுடியோ மொபைல், பேண்ட்லேப் இதுலயெல்லாம் அந்த ஆப்புக்குள்ள இருக்கிற எஃபெக்ட்தான். ஐபோன், ஐபேட்ல ஏயூவி3ன்னு ஒரு வகை பிளகின் 2015ல இருந்து இருக்கு, கராஜ்பேண்ட் அதை எடுத்துக்கும். போன்லயே பாடிப் பதிவு பண்ணுங்க, அதுல ஒண்ணும் குறைவு இல்ல, டிராக் டிராக்கா வேவா எடுத்து வெச்சுக்கிட்டு பின்னாடி லேப்டாப் இருக்கிறவங்ககிட்ட மிக்ஸுக்குக் குடுக்கலாம்.

கேள்வி: அண்ணே, பள்ளிக்கூடத்துல குடுத்த பழைய லேப்டாப்புல லினக்ஸ் போட்டிருக்கேன். விண்டோஸ் விஎஸ்டி ஓடுமா? ஹெட்போன்ல பாடும்போது குரல் லேட்டாவும் வருது. (வாலிநோக்கம் வாசகர்)

பதில்: ஓட வைக்கலாம், வைன் (விண்டோஸ் புரோகிராமை லினக்ஸ்ல ஓட்டுறது) போட்டு அது மேல யாபிரிட்ஜ்னு ஒண்ணு போட்டா விண்டோஸ் விஎஸ்டி2, விஎஸ்டி3, கிளாப் மூணும் லினக்ஸ் சாஃப்ட்வேர்ல தெரியும். ஆனா பழைய லேப்டாப்புன்னு சொல்றீங்க, முதல்ல லினக்ஸுக்குன்னே எழுதினதைப் பாருங்க. எல்வி2ங்கறது அங்க பழகின ஃபார்மட், ஆர்டர்னு பேர் உள்ள ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் அதை எடுத்துக்கும், ரீப்பருக்கும் லினக்ஸ் வெர்ஷன் இருக்கு, மேல சொன்ன சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல் ரெண்டும் லினக்ஸ்ல நேரடியா கிடைக்குது.

குரல் லேட்டா வர்றதுக்குக் காரணம் பஃபர் சைஸ், அதாவது லேப்டாப் ஒரு தடவைக்கு எவ்வளவு சத்தத்தைச் சேத்து வெச்சு வேலை செய்யுதுங்கற அளவு. 48 கிலோஹெர்ட்ஸ்ல 1024 வெச்சா ஒரு பக்கத்துக்கே 21 மில்லிசெகண்ட் கிட்ட ஆகும், உள்ள போய் வெளிய வர்றதுக்குள்ள இரட்டிப்பாயிடும், பாடவே முடியாது. 128 வெச்சா ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லிசெகண்ட்தான். பதிவு பண்ணும்போது 128, லேப்டாப் திணறினா 256, மிக்ஸ் பண்ணும்போது 1024க்கு ஏத்திக்கோங்க. பாடுற நேரத்துல இரைச்சல் நீக்குற பிளகின், மாஸ்டரிங் லிமிட்டர் மாதிரி முன்கூட்டியே சத்தத்தைப் பாத்து வேலை செய்யறது எதுவும் ஆன்ல இருக்கக்கூடாது, அதுங்க தங்களோட தாமதத்தையும் சேத்து விடும். அதெல்லாத்தையும் பைபாஸ் மட்டும் பண்ணாம முழுசா ஆஃப்லைன் பண்ணிட்டுப் பாடிப் பாருங்க, அப்பவும் லேட்டா வந்தா உங்க ஆடியோ இன்டர்ஃபேஸ் எது, எந்த லினக்ஸ்னு எழுதி அனுப்புங்க, அடுத்த மாசம் பாக்கலாம்.